சிஸ்டைன் சேப்பலுக்கு லைட் போட்டாச்சு!

முதல்லயே சொல்லிடறேன், நடுநிலையான பயணக் கட்டுரை வேணும்னா அடுத்த பக்கத்தைப் புரட்டிக்குங்க. ரோமுக்குப் போய்வந்து மாசக்கணக்காச்சு, ஆனா வீட்ல, ஆபீஸ்ல, பஸ் ஸ்டாப்ல, போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர்கிட்டகூட நான் பேசினது ஒரே விஷயம்தான். வாட்டிகன் அருங்காட்சியகத்தை விடியறதுக்கு முன்னாடி, சாவிக்காரரோட சேர்ந்து, கதவு கதவாத் திறந்துக்கிட்டே, லைட்டை நாமளே போட்டுக்கிட்டே போய், கடைசியில மைக்கேலாஞ்சலோ வரைஞ்ச அந்த விதானத்துக்குக் கீழே இருட்டுல ஒரு தடவையும் வெளிச்சத்துல ஒரு தடவையும் நடந்த காலை! பந்திக்காரர் பாயசத்தை மறந்துட்டு வாயைத் திறந்துக்கிட்டுக் கேட்டார். மரியாதைக்காகக் கேட்டிருக்கலாம். எனக்கென்ன, நான் நிறுத்தலையே.

பகல்ல அங்க எப்படியிருக்கும்னு தெரிஞ்சாத்தான் நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன்னு புரியும். வருஷத்துக்கு 60 லட்சம் பேருக்கு மேல வர்ற இடம். எல்லாரும் போய்ச் சேர்ற இடம் சிஸ்டைன் சேப்பல்ங்கற அந்த ஒரே கூடம். என் மச்சினர் ஒரு ஆகஸ்ட் மத்தியானம் போய்ட்டு வந்து, "மாப்ளே, விதானத்தைவிட முன்னாடி நின்னவரோட வழுக்கையைத்தான் அதிக நேரம் பார்த்தேன்"னு சொன்னார். தோளோட தோள் இடிச்சு, காவலர்கள் நிமிஷத்துக்கொரு தடவை "சிலென்ஸியோ"ன்னு அதட்ட, வாசல்ல இருந்து வாசலுக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கணுமாம். அதைக் கேட்டதுமே முடிவு பண்ணிட்டேன், போனா விடிகாலைதான்.

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை. "ஏங்க, மணி மூணுதான் ஆகுது, படுங்களேன்"னு என் மனைவி திட்டினா. படுத்தேன், கண்ணை மூடினேன், சட்டையை அயர்ன் பண்ணலையேன்னு ஞாபகம் வந்து மறுபடி எந்திரிச்சேன். மைக்கேலாஞ்சலோவைப் பார்க்கக் கசங்கின சட்டையோட போறதா? அஞ்சரைக்கெல்லாம் வாட்டிகன் மதிலோரம் நடந்துக்கிட்டிருந்தோம். நல்ல குளிர், நல்ல இருட்டு, பகல்ல மைல் கணக்கா வரிசை நிக்கற அந்த நடைபாதையில ஒரு குப்பை வண்டியும் நாங்களும்தான். வாசல்ல எங்களை மாதிரியே தூங்காத மூஞ்சியோட ஒரு சின்னக் கூட்டம். எங்க வழிகாட்டி ஒரு இத்தாலியப் பெண்மணி, கையில டார்ச். அவங்க பக்கத்துல இரும்பு வளையம் நிறையச் சாவிக்கொத்தோட ஒருத்தர். அவர்தான் சாவிக்காரர், அந்த ஊர்ல கிளாவிஜெரோன்னு சொல்றாங்க. நான் அவரைப் பார்த்த பார்வையில ரஜினியை நேர்ல பார்த்தவன் தோத்தான்.

கேளுங்க, அங்க மொத்தம் 2,797 சாவி இருக்காம்! தினமும் காலையில சுமார் 300 கதவைத் திறக்கிறாங்க, சாயங்காலம் அத்தனையையும் பூட்டறாங்க. சாவிகளைக் காப்பாத்தி வைக்கவே தனியா ஒரு அறை. பியோ கிளெமென்டினோ பகுதிக்கான 401ஆம் நம்பர் சாவியை என் உள்ளங்கையில வச்சார் பாருங்க, அரைக் கிலோ இரும்பு, பழங்காலத்துச் சாவி, சில்லுனு இருந்துச்சு. அதை வாங்கினதுல இருந்து திருப்பிக் கொடுக்கற வரைக்கும் நான் மூச்சு விட்டேனான்னே தெரியலை. "நீங்களே திறங்க"ன்னார். பூட்டு ஒரு தரம் முரண்டு பிடிச்சுது, அப்புறம் 'களக்'னு உள்ள எங்கேயோ ஒரு சத்தம், கதவு நகர்ந்துது. நான் 'ஆ'ன்னு கத்தினேன். என் மனைவி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா.

இப்ப நினைச்சுப் பாருங்க. உங்களுக்கு முன்னாடி இருட்டு. டார்ச் வெளிச்சம் ஒரு தடவை வீசினா ஒரு பளிங்குத் தோள், இன்னொரு தடவை வீசினா சுருள் தாடி, அடுத்து ஒரு பாம்போட உடம்பு. லாவோக்கோன்! பாம்புகள் சுத்தி வளைச்ச தகப்பனும் ரெண்டு பிள்ளைகளும். 1506-ல ரோம்ல ஒரு திராட்சைத் தோட்டத்து மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச சிலை, கிடைச்ச சேதி கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தவங்கள்ல மைக்கேலாஞ்சலோவும் ஒருத்தர். இந்தச் சிலையை இரண்டாம் ஜூலியஸ் போப் வாங்கி வச்சதுல இருந்துதான் இந்த அருங்காட்சியகத்தோட கதையே ஆரம்பிக்குது. டார்ச்சைக் கீழே இருந்து மேல கொண்டு போகப் போக அந்த மனுஷனோட விலா எலும்பு ஒவ்வொண்ணா எழும்புது. பகல் வெளிச்சத்துல இது இப்படித் தெரியவே தெரியாதுன்னு பந்தயம் கட்டறேன். கொஞ்ச தூரத்துல பெல்வெடேரே முண்டம், தலை இல்லை, கை இல்லை, முழங்காலுக்குக் கீழே ஒண்ணும் இல்லை, ஆனா அந்த முதுகுத் திருகல்! "இந்த முதுகை மனசுல வச்சுக்குங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல விதானத்துல பார்ப்பீங்க"ன்னு வழிகாட்டியம்மா சொன்னாங்க. வச்சுக்கிட்டேன்.

அடுத்தது வரைபடக் கூடம். இங்கதான் லைட் போடற யோகம் எனக்கு. சுவத்துல சுவிட்ச், நான் போட்டேன், 120 மீட்டர் நீளத்துக்குத் தங்கம் பத்திக்கிச்சு! பொன்முலாம் பூசின கூரை, ரெண்டு பக்கமும் நீலக் கடலும் பச்சை மலையுமா 40 வரைபடங்கள். 1580-கள்ல பதின்மூணாம் கிரகோரி போப்புக்காக இக்னாசியோ டான்டிங்கற பாதிரியார் போட்ட திட்டம். ஒரு பக்கச் சுவர்ல இத்தாலியோட மேற்குக் கடலோரம், எதிர்ச்சுவர்ல கிழக்குக் கடலோரம். அப்ப நடுவுல நடக்கற நாம? அப்பினைன் மலைத்தொடர் மேல நடக்கறோம்! ஒரு நாட்டோட முதுகெலும்புல நடக்கற மாதிரி ஒரு தாழ்வாரம் கட்டணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கே! கடல்ல குட்டிக் குட்டிக் கப்பல்கள் மிதக்குது. ரஃபேலோட அறைகளையும் பார்த்தோம், 'ஏதென்ஸ் பள்ளி' அற்புதம், பிளேட்டோ அற்புதம், படிக்கட்டுல கன்னத்துல கை வச்சு உர்ருனு உட்கார்ந்திருக்கற ஆள் மைக்கேலாஞ்சலோ சாயல்னாங்க, சரி சரின்னு தலையாட்டினேன். உண்மையைச் சொன்னா என் மனசு அங்கே இல்லை. அடுத்த கதவுக்குப் போயிடுச்சு.

அந்த அடுத்த கதவோட சாவிக்கு நம்பரே கிடையாது. 2,797-ல அது ஒண்ணு மட்டும் தனி. முத்திரை போட்ட வெள்ளை உறைக்குள்ள இருக்கு, எடுக்கும்போதெல்லாம் பதிவேட்டுல எழுதறாங்க. கர்தினால்கள் கூடிப் புதுப் போப்பைத் தேர்ந்தெடுக்கற இடமாச்சே, 2025 மே மாசம் பதினாலாம் லியோவைத் தேர்ந்தெடுத்ததும் இங்கதான். சாவிக்காரர் எங்க கண் முன்னாடி உறையைக் கிழிச்சார். சின்னச் சாவி. இதுக்கா இவ்வளவுன்னு தோணற அளவுக்குச் சின்னது. கையை நீட்டிக்கிட்டு நான் முன்னாடி போய் நிக்கறேன், அந்த மனுஷன் என்னைத் தாண்டிப் போய் என் மனைவி கையில வச்சுட்டார்! மூணு மணிக்குப் படுங்கன்னு திட்டினவ கையில! பொறாமையில வயிறு எரிஞ்சுதுன்னு எழுதறதுக்கு எனக்கு வெட்கமே இல்லை. அவ பதட்டமே இல்லாம நம்ம வீட்டுக் கதவைத் திறக்கற மாதிரித் திறந்துட்டு, "வாங்க"ன்னா.

உள்ளே இருட்டு. மேல ஜன்னல்கள்ல கருநீலமா ஒரு பூச்சு, அவ்வளவுதான். குளிர்ந்த கல் வாசனையோட பழைய மரத்தோட வாசனையும் லேசா வந்துச்சு. காலடிச் சத்தம் எங்கேயோ உயரத்துல போய் மோதித் திரும்பி வருது. வழிகாட்டியம்மா எங்களுக்கு ஒரு கட்டளை போட்டாங்க. மேல பார்க்காதீங்க, டார்ச்சைத் தரையில பிடிச்சுக்கிட்டு நேராக் கூடத்தோட மறுகோடிக்கு நடங்க, அங்க இருக்கற பெரிய கதவுக்குப் பக்கத்துல போய் நின்னு திரும்புங்க. ஏன்னு கேட்டா, நாம இப்ப நுழைஞ்சது பீடத்தை ஒட்டின சின்ன வாசல், அருங்காட்சியகம் வழியா வர்ற எல்லாரும் அதுலதான் வர்றாங்க, அதாவது எல்லாரும் கதையோட கிளைமாக்ஸ்ல நுழையறாங்க. மைக்கேலாஞ்சலோ வரைய ஆரம்பிச்சது அந்த மறுகோடியில. அங்க இருந்து பீடத்தைப் பார்த்து நடந்தாத்தான் அவர் வரைஞ்ச வரிசையில நாமளும் போவோம். கூட்டத்துல அப்படி நடக்க முடியுமா? 41 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம். அந்தத் தரை முழுக்க அன்னைக்கு எங்களுக்குத்தான். வட்ட வட்டமாப் பதிச்ச வண்ணக் கற்களை மிதிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்தேன், மேல பார்க்கக் கூடாதுங்கறது எவ்வளவு கொடுமைன்னு அந்த ஒரு நிமிஷம் எனக்குக் காட்டிடுச்சு.

திரும்பி நின்னோம். "லூச்சே"ன்னு யாரோ சொன்னாங்க, வெளிச்சம்னு அர்த்தம்.

ஐயோ! ஐயையோ! எப்படிச் சொல்றது? முதல்ல சுவர்கள் மங்கலா எழுந்துச்சு, அப்புறம் மேல ஆரஞ்சு, வெளிர்பச்சை, ரோஜா நிறம், எலுமிச்சை மஞ்சள்னு நிறங்களாக் கொட்டுது, அதுக்கப்புறம்தான் அதெல்லாம் உடம்புகள்னு தெரியுது, 300-க்கும் மேற்பட்ட உடம்புகள், உட்கார்ந்தும் சாய்ஞ்சும் திரும்பியும் பறந்தும், 20 மீட்டருக்கு மேல இருந்து ஒரேயடியா நம்மளைப் பார்க்குது! 2014-ல பொருத்தின 7,000 எல்.இ.டி. விளக்குகளாம், அப்ப எனக்கு அதெல்லாம் யார் கேட்டா, என் கழுத்து பின்னாடி போச்சு, வாய் திறந்துச்சு, கண்ல தண்ணி, பக்கத்துல நின்ன ஒரு வயசான வெள்ளைக்காரர் என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டார், நான் அவர் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டேன், ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாது. அப்புறம் நடக்க ஆரம்பிச்சேன். தலைக்கு மேல முதல்ல நோவா குடிச்சுட்டுக் கிடக்கார், அடுத்து பிரளயம், எவ்வளவு பேர் பாருங்க அதுல, மூட்டை முடிச்சோட, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, மரத்துல தொத்திக்கிட்டு, பொடிப் பொடியா, கீழே இருந்து முகமே தெரியலை. அதுல ஒரு துண்டு காணோம், 1797-ல பக்கத்துக் கோட்டையில வெடிமருந்து வெடிச்ச அதிர்ச்சியில உதிர்ந்துபோச்சாம். இங்கதான் மைக்கேலாஞ்சலோவுக்குச் சாந்துல பூஞ்சை பூத்து, நான் சிற்பி, இது என் தொழிலே இல்லைன்னு விட்டுட்டுப் போகப் பார்த்திருக்கார்! 1508-ல தொடங்கின வேலை. ஈரச் சுண்ணாம்புச் சாந்து காயறதுக்குள்ள அன்னன்னைக்குப் பங்கை முடிச்சாகணும், காய்ஞ்சா வெட்டி எடுத்துட்டு மறுபடி பூசணும். எல்லாரும் நினைக்கற மாதிரிப் படுத்துக்கிட்டு வரையலை, சாரத்துல நின்னு, அண்ணாந்து, தாடி வானத்தைப் பார்க்க, தூரிகைச் சாயம் மூஞ்சில சொட்ட, அந்த வேதனையைக் கிண்டலா ஒரு பாட்டாவே எழுதி ஓரத்துல தன்னையே கிறுக்கலா வரைஞ்சு நண்பருக்கு அனுப்பியிருக்கார். நடங்க, என்கூட நடங்க, நடுவுக்கு வந்தாச்சு, ஏவாளைப் படைக்கிற காட்சி, இதோட முதல் பாதி வேலை முடிஞ்சு சாரத்தைப் பிரிச்சாங்க, அப்பத்தான் அவர் கீழே இருந்து தன் வேலையை ஒழுங்காப் பார்த்திருக்கார், அட, பொடிசாப் போச்சேன்னு தோணியிருக்கணும், ஏன்னா அடுத்த அடி எடுத்து வச்சதும் தலைக்கு மேல ஆதாம், கூட்டம் கிடையாது, மரம் மட்டை கிடையாது, மண்ணுல சாய்ஞ்ச ஒரு ஆள், காத்துல வர்ற கடவுள், ரெண்டு விரல், நடுவுல அந்த இடைவெளி! நோட்டுப் புத்தக அட்டையில, டீ கப்ல, செல்போன் விளம்பரத்துல பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போன அதே விரல்தான், ஆனா நடந்து வந்து பாருங்க, பொடிசு பொடிசா இருந்த உலகம் திடீர்னு பெருசாகி நம்ம மேல கவியறதை உடம்பே உணருது. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லலை, இது படமே இல்லைங்க, நடக்க வேண்டிய ஒரு தெரு! ஓரத்துல உட்கார்ந்திருக்கற தீர்க்கதரிசிகளும் பீடத்தை நெருங்க நெருங்க வளர்ந்துக்கிட்டே போறாங்க, ஆசனம் பத்தலை, முழங்கால் வெளியே வருது. கடைசியில பீடத்துக்கு நேர் மேல யோனா, மீன் பக்கத்துல, பின்னாடி சாய்ஞ்சு அண்ணாந்து பார்க்கறார், அந்த இடத்துல சுவர் நம்மளை நோக்கி முன்னாடி வளைஞ்சு வருது, ஆனா உடம்பு பின்னாடி சாய்ஞ்சிருக்கு, கண்ணு ரெண்டையும் நம்ப முடியாம நான் முன்னாடியும் பின்னாடியும் நாலு எட்டு போய் வந்தேன், காவலர் ஒருத்தர் சிரிச்சுட்டார்.

பைனாகுலர் கொண்டு போயிருந்தேன். அதுல லிபியச் சிபிலைப் பிடிச்சேன், பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு உடம்பைத் திருகி இறங்கப்போற அந்தத் தீர்க்கதரிசிப் பெண். அவளோட இடது கால் கட்டைவிரலைப் பாருங்க. உடம்போட பாரம் முழுக்க அந்த ஒரு விரல்ல. இந்த விரலைத் திரும்பத் திரும்ப அவர் வரைஞ்சு பார்த்த தாள் ஒண்ணு நியூயார்க்ல மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துல இருக்கு. கீழே நிக்கறவன் கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு கட்டைவிரலுக்கு! நான் அந்த விரலையே பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு என் மனைவியைத்தான் கேட்கணும். மேல பளிங்குத் தூண் மாதிரி வரைஞ்சதுல உட்கார்ந்திருக்கற அந்த இளைஞர்கள்ல ஒருத்தன்கிட்ட, காலையில டார்ச்சுல பார்த்த பெல்வெடேரே முதுகையும் கண்டுபிடிச்சேன். "அதோ முதுகு!"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டுமே.

1980-ல இருந்து 1994 வரைக்கும் நடந்த சுத்திகரிப்புக்கு முன்னாடி இதெல்லாம் மெழுகுவர்த்திப் புகையும் பசையும் படிஞ்சு பழுப்பா இருந்துச்சாம். ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகச் சில சின்னச் சதுரங்களை மட்டும் துடைக்காமலே விட்டு வச்சிருக்காங்க. பைனாகுலர்ல தேடினேன், கிடைச்சுது, கரிபிடிச்ச அடுப்பங்கரை மாதிரி ஒரு கறுப்புத் துண்டு. அதுக்குப் பக்கத்துலயே அந்த ரோஜா நிறம். சுத்தம் பண்ணது தப்பு, மைக்கேலாஞ்சலோவோட கடைசிப் பூச்சையும் சேர்த்துத் துடைச்சுட்டாங்கன்னு அப்ப சண்டை போட்ட வல்லுநர்களும் உண்டு. நான் அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்தேன், மஞ்சளைப் பார்த்தேன், என் ஓட்டு துடைச்சவங்களுக்குத்தான்.

பீடத்துச் சுவர்ல 'இறுதித் தீர்ப்பு'. விதானத்தை 1512-ல முடிச்சுட்டுப் போனவர், 1536-ல திரும்பி வந்து அஞ்சு வருஷம் வரைஞ்சது. இதுக்காக அங்கே ஏற்கெனவே இருந்த, பெருஜினோங்கற ஓவியரோட படங்களும், அவரே வரைஞ்சிருந்த ரெண்டு பிறைவடிவப் படங்களும் போச்சு. நீலம்னா நீலம், லாபிஸ் லசூலிக் கல்லை அரைச்ச நீலம், சுவரே இல்லாம வெளியே வானம் தெரியற மாதிரி. தாடியில்லாத கிறிஸ்து கையை ஓங்கறார், உலகமே ஒரு சுழல்ல மேலயும் கீழயும் போகுது. அவர் காலடிக்கிட்ட பர்த்தலேமேயு உரிச்ச தோலைத் தொங்க விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், அந்தத் தோல்ல தொங்கற தொய்ஞ்சுபோன முகம் மைக்கேலாஞ்சலோவோடது! இவ்வளவு பெரிய சுவர்ல தனக்குன்னு அவர் எடுத்துக்கிட்ட இடம் அது. வலது கீழ் மூலையில கழுதைக் காதோட, பாம்பு கடிக்கற ஒரு ஆள். நிர்வாணமா வரைஞ்சிருக்கார்னு குறை சொன்ன போப்போட சடங்கு அதிகாரி பியாஜோதான் அது. அவர் போப்கிட்ட முறையிட்டப்போ, நரகம் என் அதிகாரத்துல வராதேன்னு போப் கைவிரிச்சுட்டதா ஒரு கதை. நாங்க நுழைஞ்ச கதவுக்கு மேலயே இருக்கார், அவரைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கோம்! பின்னால மைக்கேலாஞ்சலோவோட சீடர் ஒருத்தரையே வச்சு ஆட்களுக்குத் துணி வரையச் சொன்னாங்க, பாவம், டானியேலே தா வோல்தெர்ரா, ஊர் அவருக்கு வச்ச பட்டப்பேர் கால்சட்டைக்காரர்.

குறையே இல்லையான்னு கேட்பீங்க. காசு அதிகம். ரொம்பவே அதிகம். எவ்வளவுன்னு இங்க எழுதினா எங்க அம்மா படிச்சுடுவாங்க. சிஸ்டைனுக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாது, ஆக என் மனைவி சாவி போட்டதுக்கு அத்தாட்சியே இல்லை. சரி, விடுங்க.

வெளியே முற்றத்துக்கு வந்தப்போ நல்லா விடிஞ்சிருந்துச்சு. நாலு மீட்டர் உயர வெண்கலப் பைன் காய்க்கு முன்னாடி காபியும் ரொட்டியும் வச்சிருந்தாங்க, பசியில எல்லாமே அமிர்தம். அந்தப் பக்கம் பார்த்தா முதல் கூட்டம் உள்ளே வருது, கொடி பிடிச்ச வழிகாட்டிகள், பின்னாடியே ஓட்டமும் நடையுமா ஜனங்கள். அத்தனை பேரையும் நிறுத்தி, உள்ளே போனதும் தலையைத் தூக்காதீங்க, நேரா மறுகோடிக்குப் போங்கன்னு சொல்லணும்னு எனக்குத் துடிப்பு. எந்திரிச்சே விட்டேன். "உட்காருங்க, காபி ஆறுது"ன்னா அவ.

அதனால உங்ககிட்டச் சொல்றேன். தோளும் முழங்காலும் மூடின உடுப்பு போடுங்க, இல்லேன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க. டிக்கெட்டை மாசக்கணக்குல முன்னாடியே பதிவு பண்ணுங்க. பைனாகுலர் கட்டாயம். பகல் டிக்கெட்தான் கிடைச்சுதுன்னாலும் பரவாயில்லை, கூட்டத்துல நீந்தியாவது மறுகோடிக்குப் போய்ச் சேருங்க, குடிகார நோவாவுக்குக் கீழே இருந்து ஆரம்பிச்சு யோனா வரைக்கும் மெதுவா வாங்க. கழுத்து வலிக்கும். எனக்கு மூணு நாள் தலையைத் திருப்பவே முடியலை. ஊருக்கு வந்து எலும்பு டாக்டர்கிட்டப் போனேன், எப்படி வந்துச்சு இந்த வலின்னு கேட்டார். உட்கார்ந்து முழுசாச் சொன்னேன். வெளியே எட்டு பேர் டோக்கனோட காத்திருந்தாங்க.